கடைசி வரிசையில் ஒற்றைச் செருப்பு

"மெஷினை நிறுத்துங்க!"

படிகளில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் தாவக்கூடாத படிகள். கையில் ஆறாம் பக்கத்தின் ப்ரூஃப் கசங்கிக்கொண்டிருந்தது. கீழே அச்சு இயந்திரம் இருமி, கனைத்து, வேகம் பிடிக்கும் அதிர்வு சுவர் வழியாக என் உள்ளங்கால் வரை ஏறியது.

புதன்கிழமை. மதியம் ஒன்று நாற்பத்தெட்டு. எங்களுடையது மாலைப் பத்திரிகை. இரண்டரைக்குக் கட்டுகள் வண்டியேறிவிடும்.

"ஃபோர்மேன்! நிறுத்துங்கய்யா!"

ஃபோர்மேன் காதில் செருகியிருந்த பஞ்சைப் பிடுங்கினார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆறாம் பக்கமா? ஓகே போட்டு அனுப்பினதே நீங்கதானே சார்?"

"நான்தான். நானேதான் நிறுத்தவும் சொல்றேன்."

"ஆசிரியர் சொல்லாம அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொட்டா என் வேலை போயிடும்."

"தொடலைன்னா ஒருத்தர் மானம் போயிடும்."

"யார் மானம்?"

"'கடைசி வரிசை'யோட மானம்."

ஃபோர்மேன் சிரித்துவிட்டார். "அவரா? அவரை நீங்க கரிச்சுக் கொட்டாத புதன்கிழமையே கிடையாதே சார்! இப்ப என்ன திடீர்ப் பாசம்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பொத்தானை நானே ஓங்கி அமுக்கினேன்.

உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் இந்தப் பத்திரிகையின் ப்ரூஃப் ரீடர். ஆனால் மூன்று வருடங்களுக்கு முன்பு ஆறாம் பக்கத்தின் இடது மூலை என்னுடையதாக இருந்தது. வாரத்தின் நடுவில் வாசகன் சோர்ந்து கிடப்பான், அவனுக்குக் கொஞ்சம் கச்சேரி, கொஞ்சம் கால்பந்து, கொஞ்சம் அரசியல் கலந்து கொடு என்றார் ஆசிரியர். 'புதன் சிந்தனைகள்' என்று தலைப்பு வைத்தேன். இருபது நாள் யோசித்து வைத்த தலைப்பு. பதினான்கு வாரம் எழுதினேன். பதினைந்தாவது வாரம் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் எழுத்துல ஒரு ஒற்றுப்பிழை கிடையாதுய்யா. ஒரு உயிரும் கிடையாது."

சிவப்புப் பேனாவுக்கே திரும்பினேன். சில மாதங்கள் அந்த மூலையில் ராசிபலன் ஓடியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு புதன்கிழமை, அதே மூலையில், அதே அகலத்தில், 'கடைசி வரிசை' வந்து உட்கார்ந்தது. அதே கச்சேரி, அதே கால்பந்து, அதே அரசியல். பெயர் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் மின்னஞ்சலில் ஆசிரியருக்கு வரும். யார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்குக் காதில் எரிந்தது. முடிவெட்டுகிறவர் என் தலையைக் குனிய வைத்துக்கொண்டு, "இந்த வாரம் கடைசி வரிசை பார்த்தீங்களா?" என்பார். கத்தி கழுத்தில் இருக்கும்போது எப்படிப் பார்க்கவில்லை என்பது? பல் டாக்டர் என் வாயைத் திறக்க வைத்துவிட்டு அதே கேள்வி. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் அதைப் படித்துக் குலுங்கினால் எனக்கு நெஞ்சு குலுங்கும்.

ஒரு சபதம் எடுத்தேன். அந்தப் பத்தியைப் படிப்பதில்லை.

ப்ரூஃப் ரீடர் படிக்காமல் எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் பின்னாலேயே போவது. நேராகப் படித்தால் பொருள் மயக்கிவிடும், பிழை தப்பிவிடும். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக நிற்கும், சுவரோரம் நிற்க வைத்த கைதி மாதிரி. இரண்டு வருடம் கடைசி வரிசையை அப்படித்தான் திருத்தினேன். ஒற்று விட்டிருந்தால் போட்டேன். என்ன எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன்.

ஆனால் ஊர் வாயை எதனால் மூடுவது? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"அத்தான், கடைசி வரிசைக்காரன் இந்த வாரம் என்ன போட்டிருக்கான் தெரியுமா? 'நடுவரும் மந்திரியும் ஒரே சாதி. ரெண்டு பேரும் விசில் ஊதினதுக்கு அப்புறம்தான் என்ன நடந்துச்சுன்னு யோசிப்பாங்க.' எப்படி?"

"இதுல என்ன இருக்கு? இதைத்தான் நான் போன வாரம் டீக்கடையில சொன்னேன்!"

"ஆமா ஆமா. எல்லாரும் இப்ப அப்படித்தான் சொல்றாங்க."

"டேய், நிஜமாடா!"

"அத்தான், நீங்க எழுதின பதினாலு வாரமும் நான் படிச்சவன். எனக்குத் தெரியாதா?"

என் மனைவி அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டு வாயை அடைத்தாள். "எவனோ எழுதறான், எழுதிட்டுப் போறான். நீங்க சாப்பிடுங்க" என்றாள் என்னிடம். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். என் பக்கம் நிற்க இந்த வீட்டில் அவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று தோன்றியது.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். அந்த ஆள் என் டீக்கடையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறான். நான் டீக்கடையில் வாயைத் திறப்பதை விட்டேன். மேட்ச் பற்றிக் கேட்டால், "ம்". தேர்தல் பற்றிக் கேட்டால், "ப்ச்". கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுவேன். அப்படியும் அவன் வற்றவில்லை. இன்னும் நன்றாக எழுதுகிறான் என்றார் முடிவெட்டுகிறவர்.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம்.

திங்கட்கிழமை ஊரின் பெரிய அரங்கத்தில் கச்சேரி. ஐந்தரை மணிக்கு. பாடகர் நாடறிந்தவர். பத்திரிகைக்கு வந்த பாஸ் ஒன்றைக் கெஞ்சி வாங்கி என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆனால் நான் போகவில்லை. எங்கே போனேன் என்பது இப்போதைக்கு வேண்டாம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இன்று பன்னிரண்டே முக்காலுக்கு ஆறாம் பக்க ப்ரூஃப் மேஜைக்கு வந்தது. வழக்கம்போலக் கடைசி வார்த்தையிலிருந்து நடந்தேன். 'சங்கீதம்.' சரி. 'காலில்.' சரி. அப்படியே மேலே ஏறினால் 'அரங்கம்', 'பாட்டுக்கு', 'கடைசிப்', 'கச்சேரியில்', 'திங்கட்கிழமைக்'.

பக்கத்து மேஜையில் போட்டோகாரர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"திங்கட்கிழமைக் கச்சேரி போட்டோ ஒண்ணும் பேப்பர்ல வரலையே?"

"நடந்தாத்தானே சார் வரும்? மழையில போய் நின்னதுதான் மிச்சம். பாடகருக்குத் தொண்டை கட்டிடுச்சாம். அரங்கத்துக் கதவையே திறக்கலை. வாசல்ல ஒரு அட்டையை மாட்டிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி இனித்தது.

நடக்காத கச்சேரியைக் கடைசி வரிசைக்காரன் வர்ணித்திருக்கிறான்!

எங்கள் ஆசிரியருக்கு ஒரே ஒரு சட்டம். கருத்து எதுவும் எழுதலாம், நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது. எழுதி அச்சாகிவிட்டால் அன்றோடு அந்த ஆளின் பேனா கீழே. மறுநாள் முதல் பக்கத்தில், எழுதியவரின் சொந்தப் பெயரைப் போட்டு, வாசகர்களிடம் மன்னிப்பு. போன வருடம் ஒரு நிருபர் அப்படித்தான் போனார். சொந்தத் தெருவில் தலைகாட்ட முடியாமல் வீடு மாறினார்.

சந்தேகமான தகவல் கண்ணில் பட்டால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். அதுதான் என் வேலை. ஒரு சின்னக் கொக்கி, அதற்குக் கீழே ஒரு புள்ளி. முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன்.

கேள்விக்குறி போடவில்லை. 'ஓகே' போட்டுப் பேனாவின் மூடியைத் திருகினேன். பக்கம் கீழே போனது.

அதன் பிறகுதான் அந்த ஆசை வந்தது. விழப்போகிறவனின் முகத்தை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிடலாமே! என் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, மேஜையில் கிடந்த இன்னொரு ப்ரூஃப் பிரதியை எடுத்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கடைசி வரிசையை மேலிருந்து கீழே படித்தேன்.

'ஞாயிற்றுக்கிழமை மேட்சில் எனக்குக் கோல் அடித்தவனைப் பிடிக்கவில்லை. வாங்கிய கோல்கீப்பரைப் பிடித்தது. நான்கு கோல். நான்கு தடவையும் வலைக்குள் கிடந்த பந்தை அவனே குனிந்து எடுத்துக் கொடுத்தான். திருடன் போன பிறகு கதவையும் நாமே சாத்திக்கொள்கிற மாதிரி.'

நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. ஒரு வாய்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மேலே படித்தேன்.

'வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். சாக்கடை மேல் போட்ட பலகையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஐந்து வருடத்துக்கு முன்பும் அதே சாக்கடை, அதே பலகை, அதே சிரிப்பு. பலகை மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. மக்கள் தொண்டில் எடை கூடியிருக்கும்.'

கை நின்றது. எங்கள் தெருவிலும் பலகை உண்டு. சனிக்கிழமை வேட்பாளர் அதில்தான் நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஏதோ சொன்ன ஞாபகம். டீக்கடையில் இல்லை. டீக்கடையில்தான் நான் பேசுவதே இல்லையே!

மூன்றாவது பாரா.

'திங்கட்கிழமைக் கச்சேரியில் கடைசிப் பாட்டுக்கு அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. அந்த நெரிசலில் ஒருவருக்குச் செருப்பு ஒன்று காணாமல் போய்விட்டது. அவர் அதைத் தேடவில்லை. அப்படியே நின்று கைதட்டினார். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் சங்கீதம்.'

டிபன் பாக்ஸ் உருண்டது. நாற்காலி சாய்ந்தது. போட்டோகாரர், "என்ன சார், புரை ஏறிடுச்சா?" என்று கத்தினார். நான் படிக்கட்டில் இருந்தேன்.

ஏனென்றால் அந்தச் செருப்பு என்னுடையது. அந்த வாக்கியம் என்னுடையது. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், ஈரச் சட்டையோடு வாசற்படியில் நின்று, அந்தப் பொய்யை உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

இயந்திரம் நின்றதும் வந்த அமைதியில் கட்டடமே காது கேளாததுபோல் ஆகிவிட்டது. ஆசிரியர் கண்ணாடியை நெற்றியில் தள்ளிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"யாருய்யா நிறுத்தினது?"

ஃபோர்மேன் என்னைக் காட்டினார். "சார்தான். ஏதோ மானம் போகுதாம்."

"ஆறாம் பக்கத்துல கச்சேரி பாரா தப்பு சார்" என்றேன். "கச்சேரி நடக்கலை."

"எப்பத் தெரியும் உனக்கு?"

பொய் சொல்லலாம். ஆனால் இந்த வாரத்துக்கான பொய்யை ஏற்கெனவே சொல்லித் தீர்த்துவிட்டேன்.

"ஓகே போடறதுக்கு முன்னாடியே தெரியும் சார்."

"தெரிஞ்சேவா விட்டே?"

"தெரிஞ்சேதான்."

ஃபோர்மேன் 'உச்' கொட்டினார். ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. அதைவிட மோசமாக, புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெஷின் மேல் வைத்தார்.

"அம்மா, வணக்கம். நான் ஆசிரியர் பேசறேன். இன்னிக்குப் பத்தியில கச்சேரின்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே, அது நடக்கவே இல்லைங்கறாங்க."

"யார் சொன்னது?"

"எங்க போட்டோகாரர் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கார்."

"அவர் அரங்கம் மாறிப் போயிருப்பார் சார். இது எங்க வீட்டுக்காரர் நேர்ல போய்க் கேட்டுட்டு வந்து சொன்னது. தொப்பலா நனைஞ்சு, செருப்பைக்கூடத் தொலைச்சுட்டு வந்தார் பாவம். அவர் வாயில ஆயிரம் குறை இருக்கும். பொய் மட்டும் இருக்காது."

ஃபோர்மேனின் வாய் திறந்தது. அந்தக் குரல் அவருக்கும் தெரியும். தீபாவளி மலர் வேலை நாட்களில், "இன்னும் கிளம்பலையா அவர்?" என்று அச்சுக்கூடத்துக்கே கூப்பிட்டுக் கேட்கிற குரல்.

"சார், இது உங்க..." என்றார் என்னிடம்.

"ஆமா" என்றேன். "என் வீட்டம்மா."

கைப்பேசியில் குழாயை மூடும் சத்தம். பிறகு சின்னதாக, "என்னங்க... நீங்க அங்கயா இருக்கீங்க?"

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷம் ரெண்டு மாசம்."

மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர். அதில் மகளுக்குக் கடிதம் அடிக்கிறேன் என்பாள். நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் பொரிந்து தள்ளும்போதெல்லாம், "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். குறிப்பெடுத்திருக்கிறாள்!

"அவங்க ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க" என்றார் ஆசிரியர். "உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு."

"ஏன் சொல்லலை நீ?" என்றேன் கைப்பேசியிடம்.

"சொல்லியிருந்தா நீங்க எழுதற மாதிரி பேச ஆரம்பிச்சிருப்பீங்க."

ஃபோர்மேன் தாங்க முடியாமல் பேப்பர் உருளைக்குப் பின்னால் போய் நின்று குலுங்கினார்.

இரண்டு வருடமாக நான் வயிறெரிந்தது என் வாயைப் பார்த்துத்தான் என்று புரிந்தது. புரிந்ததும் பொறாமை போயிருக்க வேண்டும், இல்லையா? போகவில்லை. ஆள்தான் மாறியது. நான் கொட்டிய அத்தனையிலும் எது அரிசி, எது உமி என்று புடைத்தெடுத்த கை என்னுடையது இல்லையே! அதே சொற்களை நான் எழுதியபோது அவற்றுக்கு உயிர் இல்லை. அவள் எழுதியபோது பஸ்ஸே குலுங்கியது.

"நானூறு பிரதி ஓடிடுச்சு சார்" என்றார் ஃபோர்மேன்.

"ஒண்ணு வெளியே போகக் கூடாது. எல்லாத்தையும் கிழி" என்றார் ஆசிரியர். "அச்சாகி வாசல் தாண்டினாத்தான் பொய். தாண்டலை. ஆனா மூணாவது பாரா காலி. எட்டு வரி வேணும். பத்து நிமிஷம் தர்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சே விட்ட பாரு, அது தனிக் கணக்கு. நாளைக்கு என் அறைக்கு வா."

"சார்."

"என்னங்க" என்றாள் கைப்பேசியில். குரல் மாறியிருந்தது. எழுதுகிறவள் குரல். இத்தனை நாளில் நான் கேட்டிராதது. "கச்சேரிக்குப் போகலைன்னா திங்கக்கிழமை நிஜமா எங்க இருந்தீங்க? சொல்லுங்க. அதையே எழுதிடறேன்."

நான் தரையைப் பார்த்தேன். ஆசிரியரும் தரையைப் பார்த்தார். என் காலில் இருந்த புத்தம்புதுச் செருப்பைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் இன்னும் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்யா" என்றார் மெதுவாக, "உனக்கு எட்டாம் நம்பர் செருப்பா?"

"ஆமா சார்."

"பழுப்பு நிறம்? கட்டைவிரல் பக்கம் தையல் போட்டது?"

புதுச் செருப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"செவ்வாய்க்கிழமை காலையில என் வீட்டு கேட்டுக்கு எதிர்ல, மரத்தடியில கிடந்துச்சு."

"சொல்லுங்க" என்றாள் அவள். விசைப்பலகையின் டக் டக் ஆரம்பித்துவிட்டது. "எட்டு வரிதான். சீக்கிரம்."

"கடைசி வரிசைக்காரன் திங்கட்கிழமை சாயந்திரம் ஆசிரியர் வீட்டுக்கு வந்து போறான்னு ஒருத்தர் சொன்னார்" என்றேன். "அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடணும்னு மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேன். ரெண்டரை மணி நேரம். கொட்டற மழையில."

டக் டக் டக்.

"அப்புறம்?" என்றாள்.

"யாரும் வரலை. நாய்தான் வந்துச்சு."